மாசத்துல ஒரு ராத்திரி, 150 வெள்ளி: ஒயினோட சாப்பிட எங்க போறது?

எங்க வீட்டுல ஒரு பழக்கம், மாசத்துல ஒரு ராத்திரி பிள்ளைங்கள எங்கம்மாகிட்ட விட்டுட்டு நானும் இவரும் மட்டும் வெளில போயி சாப்பிடுவோம், கூட ஒயினும் குடிப்போம். 2022ல கோவிட் கட்டுப்பாடெல்லாம் எடுத்ததுலேர்ந்து விடாம நடக்குது. அதுக்குன்னு 150 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், தனியா ஒதுக்கிருவோம், அதத் தாண்டிப் போச்சுன்னா அடுத்த மாசம் கையக் கடிக்கும். இந்தக் காசுக்கு சிங்கப்பூர்ல நாலு வழி இருக்கு. டெம்சி, கியோங் சைக் மாதிரி எடத்துல நல்ல ரெஸ்டாரண்டு, ஒயினையே பிரதானமா வச்சு நடத்துற பிஸ்ட்ரோ, நம்மளே பாட்டில் எடுத்துட்டுப் போற ஹாக்கர் சென்டர் (நெறைய சின்னச் சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்குற எடம்), அப்புறம் லிட்டில் இந்தியா ரேஸ் கோர்ஸ் ரோட்டுல நம்ம சாப்பாட்டுக் கடைக்கு நம்ம பாட்டிலோட போயி கார்க்கேஜ் (நம்ம பாட்டில அங்க தொறக்கறதுக்குக் கடை வாங்கற கட்டணம்) கட்டிக் குடிக்கிறது. நாலையும் திரும்பத் திரும்பப் போயிப் பாத்தாச்சு, இப்ப என் மனசுல ஒரு முடிவும் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் காசு எங்க போகுதுன்னு சொல்லிடறேன், அது தெரியாம எங்க போனாலும் பில்லு வரும்போது மூஞ்சி வாடிப் போயிரும்.

இங்க ஒயினுக்கு வரி பாட்டிலோட விலையப் பாத்துப் போடறதில்ல, உள்ள எவ்வளவு ஆல்கஹால் இருக்குன்னு பாத்துப் போடறாங்க, ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 2014ல ஏத்தறதுக்கு முன்னாடி 70ஆ இருந்துச்சு. அப்படின்னா 13.5 சதவீதம் போட்ட ஒரு சாதாரண 750 மில்லி பாட்டிலுக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 90 காசு வரி, அது மட்டமான ஒயினா இருந்தாலும் சரி உசத்தியா இருந்தாலும் சரி, அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. சூப்பர்மார்க்கெட்ல 20 வெள்ளிக்கு ஒரு பாட்டில் எடுத்தீங்கன்னா வரியெல்லாம் போக மிஞ்சறது ஒம்போதரை வெள்ளிக்கும் கொறைவு, அதுக்குள்ளதான் ஒயின், கண்ணாடி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் அத்தனையும் அடங்கணும். 35 வெள்ளி பாட்டில்னா 23 வெள்ளி மிஞ்சும். வெலை ரெண்டு மடங்குகூட ஏறல, ஒயினுக்குன்னு போற காசு ஏறக்குறைய ரெண்டரை மடங்கு ஏறிருது. இந்தக் கணக்க இவரு ஒரு நாள் பேப்பர்ல போட்டுக் காட்டுனாரு, அன்னிலேர்ந்து நாங்க 20 வெள்ளி பாட்டில் வாங்கறத விட்டுட்டோம், 30லேர்ந்து 38க்குள்ளதான்.

ரெஸ்டாரண்டுல இன்னொரு கணக்கு இருக்கு, பிளஸ் பிளஸ். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல ஜிஎஸ்டி, அதாவது மெனுல 100 வெள்ளின்னா கையவிட்டுப் போறது 119 வெள்ளி 90 காசு. சாப்பாட்டுக்கு மட்டும் இல்ல, ஒயினுக்கும் கார்க்கேஜுக்கும் பொதுவா இதேதான்.

சரி, முதல்ல டெம்சி. எங்க மாமா தேசிய சேவைக்குப் பேர் பதிஞ்ச எடம் அது, 1989 வரைக்கும் சிஎம்பிபிங்கற அந்தப் பதிவு அலுவலகம் அங்கதான் இருந்துச்சு, அதுக்கு முன்னாடி வெள்ளக்காரன் பட்டாளத்து பாசறை, இப்ப அந்தப் பழைய கட்டடங்கள்லதான் இவ்வளவு ரெஸ்டாரண்டும். மரமும் இருட்டுமா அந்த எடத்துல ராத்திரி நடந்து போறதே தனி சுகம், பட்டுப்புடவை கட்டிட்டுப் போனாலும் ஜீன்ஸ் போட்டுட்டுப் போனாலும் யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. சீனமும் மலாயும் கலந்த பெரனாக்கான் சாப்பாட்டுக்கு கேண்டில்நட் ரெஸ்டாரண்டு அங்கதான் இருக்கு, ரெஸ்டாரண்டுங்களுக்கு ஸ்டார் குடுக்குற மிஷெலின் கைடு 2016ல முதல் தடவ சிங்கப்பூருக்கு வந்தப்பவே ஒரு ஸ்டார் வாங்குனது. நம்ம பக்கத்துல சொல்லணும்னா பினாங்குக்காரரான மனோ தேவரோட தேவர் ரெஸ்டாரண்டு, கியோங் சைக் ரோட்டுலதான் ஆரம்பிச்சாரு, 2022ல ரெண்டு ஸ்டார், நம்ம மசாலாவுக்கு இப்படி ஒரு எடம் கெடச்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லி முடியாது. ஆனா அது எங்க 150 வெள்ளிக்குள்ள வர்ற விஷயமே இல்ல, அதுக்கெல்லாம் தனியா வருஷக்கணக்குல சேக்கணும்.

டெம்சில ஒரு நடுத்தர ரெஸ்டாரண்டுக்குப் போனா என்ன ஆகும்னு எங்க போன வருஷக் கல்யாண நாள் பில்லையே சொல்றேன். சாப்பாடு 140, ஒயின் கிளாஸ் 20 வெள்ளி, ஆளுக்கு ரெண்டு, அது 80. மொத்தம் 220, பிளஸ் பிளஸ் சேந்து 263 வெள்ளி 78 காசு. டெம்சில நேப்பியர் ஸ்டேஷன்ல இறங்கி நல்ல தூரம் நடக்கணும், ராத்திரி எங்க வீடு இருக்குற செங்காங்குக்குத் திரும்பி வர டாக்சிதான், அது வேற. ஒரே ராத்திரில கிட்டத்தட்ட ரெண்டு மாசக் காசு.

ஆனா அங்க ஒண்ணு கெடைக்கும், அது வேற எங்கயும் கெடைக்கல. ஒயின் ஊத்தறவங்க கிட்ட கேள்வி கேக்கலாம். அன்னிக்கு ஒரு சின்னப் பொண்ணுதான் எங்க மேசைக்கு வந்துச்சு, நான் எனக்குப் பேரெல்லாம் தெரியாதும்மா, காரம் சாப்பிடுவோம், புளிப்பு பிடிக்கும்னு சொன்னேன், அது சிரிச்சிட்டு மூணு பாட்டில் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு வாய் ஊத்திக் குடுத்து எது பிடிச்சிருக்குன்னு கேட்டுச்சு. ரீஸ்லிங்ங்கற வெள்ளை ஒயின்னா என்னன்னு நான் தெரிஞ்சுக்கிட்டது அங்கதான். அதனால இந்த வழிய நான் வேணாம்னு சொல்லவே மாட்டேன், வருஷத்துக்கு ஒரு தடவ போங்க, போனா பாட்டிலா வாங்காம கிளாஸ் கிளாஸா வாங்குங்க. ஒரு பாட்டில்ல 150 மில்லி வீதம் அஞ்சு கிளாஸ் வரும், ஆளுக்கு ரெண்டு போதும்னா பாட்டிலுக்கும் நாலு கிளாஸுக்கும் காசு பெரும்பாலும் அக்கம்பக்கம்தான் வரும், ஆனா கிளாஸா வாங்குனா நாலு வேற வேற ஒயின் பாக்கலாம், நான் ஒண்ணு இவரு ஒண்ணு வாங்கி மாத்தி மாத்தி குடிக்கலாம்.

ஒயின் பிஸ்ட்ரோ பத்தி ரொம்ப சொல்றதுக்கு இல்ல. ஒயின் கனெக்ஷன் மாதிரி கடையும் பிஸ்ட்ரோவும் ஒண்ணாவே நடத்துற எடங்கள்ல பாட்டில் வெலை நியாயமா இருக்கும், நாங்க கடைசியா ஒரு பிஸ்ட்ரோல குடிச்சது 45 வெள்ளி பாட்டில், சாப்பாடு 60, பிளஸ் பிளஸ் சேந்து 126 வெள்ளிக்குள்ள முடிஞ்சிருச்சு. காசுக்கு அடக்கம்தான், எனக்குக் கொறை சாப்பாட்டுலதான். பீட்சா, பாஸ்தா, சீஸ் தட்டு. சாப்பிட்டு வீட்டுக்கு வந்து பதினொரு மணிக்கு இவரு ரசம் இருக்கான்னு கேப்பாரு. கூட்டாளிங்களோட நாலஞ்சு பேரா போனா நல்லாருக்கும், நாங்க ரெண்டு பேரு மட்டும்னா நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஹாக்கர் சென்டர் எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி, காசுல இதுக்குக் கிட்ட எதுவும் வராது. 28 வெள்ளிக்கு ரெண்டு பேரு வயிறு நெறைய சாப்பிட்டுரலாம், பாட்டில் 32, மொத்தம் 60தான். ஈஸ்ட் கோஸ்ட் லகூன்ல கடல் காத்துல உக்காந்து, வாழையிலைல சுட்ட சம்பல் திருக்கை மீன், பக்கத்துல சின்ன எலுமிச்சம்பழம் பிழிஞ்ச சிஞ்சாலோக் (புளிக்க வச்ச சின்ன இறால்), அதுக்குக் கூட ஜில்லுன்னு ஒரு ப்ரோசெக்கோ, இத்தாலி நொரை ஒயின். அந்த நொரை சம்பலோட எண்ணெயையும் காரத்தையும் நாக்குலேர்ந்து கழுவி விட்டுரும், அடுத்த வாய்க்கு நாக்கு புதுசா தயாரா இருக்கும். 2020ல யுனெஸ்கோ நம்ம ஹாக்கர் கலாசாரத்த பட்டியல்ல சேத்தப்ப எனக்கு அந்தத் திருக்கை மீனுதான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா சில விஷயம் பாத்துப் போகணும். ராத்திரியும் 28 டிகிரி இருக்குற ஊரு இது, பாட்டில் கால் மணி நேரத்துல சூடாயிரும், அதனால ஃப்ரீசர்ல வைக்கிற கூலர் உறை ஒண்ணு கட்டாயம் எடுத்துட்டுப் போங்க, கிளாஸும் ஒடையாத பிளாஸ்டிக்கா எடுத்துக்குங்க. டிரிங்க்ஸ் கடை அங்கிள்கிட்ட முதல்ல போயி ரெண்டு கரும்புச் சாறு வாங்கிட்டு, ஒயின் கொண்டாந்திருக்கோம் பரவால்லையான்னு கேட்டுருங்க, பியர் விக்கிறதுதான் அவங்க பொழப்பு, கேக்காம பாட்டிலத் தொறக்கறது மரியாதை இல்ல. முஸ்லிம் கடைங்க பக்கத்து மேசைல உக்காரவே கூடாது, அவங்க தட்டு டிரே எதுவும் நம்ம ஒயின் பக்கத்துல வரக்கூடாது. இதே காரணத்துக்குத்தான் பிரியாணிக்கு ஒயின் எடுத்துட்டுப் போற யோசனையே வேணாம்னு சொல்றேன், ஹலால் சான்றிதழ் உள்ள கடைக்குள்ள மதுவே வரக்கூடாது, பிரியாணி வேணும்னா வாங்கிட்டு வந்து வீட்டுல வச்சு சாப்பிடுங்க. அப்புறம் நேரம். 2015 ஏப்ரல்லேர்ந்து ராத்திரி 10.30க்கு மேல காலைல 7 வரைக்கும் பொது எடத்துல குடிக்கக்கூடாது, 1000 வெள்ளி வரைக்கும் அபராதம், கடைலயும் அந்த நேரத்துல பாட்டில் விக்கமாட்டாங்க. கடற்கரைல உக்காந்து மிச்சத்தக் குடிப்போம்னு நெனச்சீங்கன்னா 10.30க்குள்ள முடிச்சிருங்க.

ஹாக்கர் சென்டர்ல எனக்கு ஒரே ஒரு மனக்கொறைதான், பேச முடியாது. தட்டு சத்தம், மேசைக்கு ஆள் நிக்கிறாங்க, சீக்கிரம் எந்திரிக்கணும்னு ஒரு அவசரம். மாசம் முழுக்க பிள்ளைங்க பரீட்சை, வீட்டுக் கடன், ஆபிஸ்னு ஓடிட்டு, அந்த ஒரு ராத்திரிதான் நாங்க ரெண்டு பேரும் முகத்தப் பாத்துப் பேசறது. அதுக்கு ஒரு மூணு மணி நேரம் யாரும் எழுப்பாத ஒரு நாற்காலி வேணும்.

அதனாலதான் ரேஸ் கோர்ஸ் ரோடு. மீன் தலைக் கறி இங்கயே பொறந்த சாப்பாடு, 1949ல கோமஸ்னு ஒரு கேரளாக்காரரு சோஃபியா ரோட்டுல அவரு கடைல ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க, சீனவங்களுக்கு மீன் தலை பிடிக்கும்னு பாத்து நம்ம கொழம்புல போட்டாரு. அப்புறம் 1969ல முத்தூஸ் கறி, 1974ல பனானா லீஃப் அப்போலோ, இப்படி இந்தச் சாப்பாட்டுக்கே ஒரு தெரு பேர் வாங்கிருச்சு. இந்த மாதிரி கடைங்கள்ல மது லைசென்ஸ் இருக்குற எடமா பாத்து, முன்னாடியே போன் போட்டு நம்ம பாட்டில் கொண்டாரலாமா, கார்க்கேஜ் எவ்வளவுன்னு கேட்டுக்குங்க. இதக் கண்டிப்பா செய்யுங்க. ஆரம்பத்துல ஒரு எடத்துல, எதுன்னு சொல்ல வேணாம், கேக்காமப் போயி உக்காந்து 28 வெள்ளி பாட்டிலுக்கு 50 வெள்ளி கார்க்கேஜ் கட்டுனோம், அன்னிக்கு ராத்திரி பூரா இவரு முகமே சரியில்ல. நாங்க இப்ப வழக்கமாப் போற கடைல 20 வெள்ளி வாங்கறாங்க. சாப்பாடு 62, கார்க்கேஜ் 20, பிளஸ் பிளஸ் சேந்து 98 சொச்சம், நம்ம பாட்டில் 32, மொத்தம் 130. திரும்பி வர லிட்டில் இந்தியா ஸ்டேஷன்லேர்ந்து செங்காங்குக்கு வடகிழக்கு ரயில் நேரா, மாத்தி ஏற வேண்டியதில்ல. கார் எடுக்காதீங்க, மூச்சுச் சோதனைல 100 மில்லி மூச்சுக்காத்துல 35 மைக்ரோகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, ஒயின் நாள்ல நாங்க சாவியவே வீட்டுல வச்சிட்டுப் போவோம்.

எந்த ஒயின்ங்கறதுதான் இந்த வழில முக்கால்வாசி விஷயம், இங்க தப்பு பண்ணா சாப்பாடும் போச்சு ஒயினும் போச்சு. நாங்க முதல் தடவ ஷிராஸ்னு ஒரு ஆஸ்திரேலியா ரெட் ஒயின் எடுத்துட்டுப் போனோம், 14.5 சதவீதம், நல்ல பாட்டில்தான், தனியா குடிச்சா எனக்கு இன்னும் பிடிக்கும். மீன் தலைக் கறியோட ரெண்டாவது வாயிலயே தொண்டை எரிஞ்சுது, அதுக்கப்புறம் நாக்குல துருப்பிடிச்ச இரும்பு மாதிரி ஒரு வாடை. பின்னாடிதான் காரணம் தெரிஞ்சுது. மிளகாய்ல இருக்குற கேப்சைசினும் ஆல்கஹாலும் நாக்குல ஒரே உணர்வியத்தான் தட்டுது, ரெண்டும் சேந்தா எரிச்சல் ஏறத்தான் செய்யும். மீன் வாடைக்கு ரெட் ஒயின்ல இருக்குற இரும்புச் சத்துதான் காரணம்னு ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால காரமான மீனுக்கு ஆல்கஹால் கொறைவா, லேசா இனிப்பா, நல்லா புளிப்பா, ஜில்லுன்னு இருக்கணும். இந்த நாலும் ஒண்ணா இருக்குறது ஜெர்மனி மோசல் பக்கத்து ரீஸ்லிங், லேபிள்ல கபினெட்னு போட்டிருக்கும்.

கடைல வாங்கும்போது ஒரு சுலபமான வழி சொல்றேன், பின்னாடி லேபிள்ல சதவீதத்தப் பாருங்க. ரீஸ்லிங்ல 8, 9ன்னு இருந்தா திராட்சையோட சர்க்கரை கொஞ்சம் மிச்சம் இருக்குன்னு அர்த்தம், இனிப்பு இருக்கும். 12ன்னு இருந்தாலோ ட்ரோக்கன்னு போட்டிருந்தாலோ இனிப்பு இருக்காது, அது மீன் பொரியலுக்கு, நண்டுக்கு நல்லாருக்கும், கறிக்கு எரியும். இன்னொரு லாபமும் இருக்கு, வரி ஆல்கஹாலுக்குத்தானே, 8.5 சதவீத பாட்டில்ல வரி 5 வெள்ளி 61 காசு, அந்த ஷிராஸ்ல 9 வெள்ளி 57 காசு. அதே 32 வெள்ளில ஒயினுக்குன்னு நாலு வெள்ளி கூடப் போகுது. சென்னைக்குப் போயிட்டு வர்றவங்க 48 மணி நேரத்துக்கு மேல வெளில இருந்திருந்தா சாங்கி ஏர்போர்ட்ல ஆளுக்கு ரெண்டு லிட்டர் ஒயின் வரியில்லாம எடுக்கலாம், அதாவது ரெண்டு பாட்டில், மூணாவது எடுத்தா தாண்டிரும். மலேசியாவுல ஜோகூர் போயிட்டு வந்தா கெடையாது.

போன மாசம் போனதச் சொல்றேன். புதன்கிழமை போனோம், நான் எப்பவும் வார நாள்தான் போவேன், 2013 கலவரத்துக்கு அப்புறம் லிட்டில் இந்தியாவ மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமா அறிவிச்சதுலேர்ந்து சனி ஞாயிறு, விடுமுறை நாள்ல வெளில குடிக்கவே கூடாது, லைசென்ஸ் உள்ள கடைக்குள்ள பரவால்லன்னாலும் வார நாள்ல கூட்டமும் இல்ல, கடை அண்ணனுக்கும் நம்மள கவனிக்க நேரம் இருக்கும். நாங்க பாட்டில ஐஸ் வாளில வச்சோம். வாழையில போட்டு, சோறு, வெண்டிக்கா பொரியல், அப்பளம், அப்புறம் அந்த மண் சட்டி, ஈக்கான் மேரா (செவப்பு மீன்) தலை, உள்ள கத்திரிக்காயும் அன்னாசித் துண்டும் கொதிச்சிட்டு. கன்னத்துச் சதை இருக்கே, கண்ணுக்குக் கீழ ஒரு ரூபாக்காசு அளவுக்கு உருண்டையா வரும், அத இவரு விரலாலயே நெம்பி எடுத்து எப்பவும் என் இலைல வச்சிருவாரு. அத புளிக் கொழம்புல தோச்சு வாயில போட்டு, பின்னாடியே ஒரு மடக்கு ரீஸ்லிங். முதல்ல எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு வந்து புளியோட சேந்துக்கும், அப்புறம் காரம் எழும்பற நேரத்துல அந்த இனிப்பு வந்து அத அமத்தும், கடைசில அன்னாசி வாசம் ஒயின்ல இருக்கா கொழம்புல இருக்கான்னே தெரியாது. எட்டரை சதவீதம்ங்கறதால ரெண்டு கிளாஸ் குடிச்சும் தல கனக்கல, பத்து மணி வரைக்கும் பேசிட்டு இருந்தோம், மூத்தவன் பாலிடெக்னிக்ல என்ன எடுக்கப் போறான்னு அன்னிக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தோம்.

மட்டன் சுக்கா மட்டும்தான்னா ரெட் குடிக்கலாம், ஆனா துவர்ப்பு கொறைஞ்ச, பிரான்ஸ் ரெட் ஒயின் பொஜொலே மாதிரி ஒண்ண எடுத்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டுப் போங்க, ரூம் சூட்டுல குடிக்கணும்னு சொல்றதெல்லாம் குளிர் நாட்டு ரூமுக்கு.

இதுல ஒண்ணு மட்டும் எனக்குக் கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். டெம்சில யாரும் பாக்கமாட்டாங்க, ரேஸ் கோர்ஸ் ரோட்டுல பாதிப் பேரு தெரிஞ்சவங்க. ஒரு தடவ எங்கம்மாவோட கோயில் கூட்டாளி ஒருத்தவங்க பக்கத்து மேசைல உக்காந்திருந்தாங்க, என் கைல கிளாஸ். கீழ வைக்கலாமான்னு யோசிச்சேன், இவரு மெதுவா, நீ ஒண்ணும் தப்பு செய்யலையே, வணக்கம் சொல்லுன்னாரு. எந்திரிச்சுப் போயி ஆன்ட்டி நல்லாருக்கீங்களான்னு கேட்டேன், அவங்க என் கையப் பிடிச்சிட்டு, புருஷனும் பொண்டாட்டியும் இப்படி உக்காந்து பேசறது நல்லது கண்ணு, உங்க அங்கிள் இருந்தவரைக்கும் நாங்க ஒரு நாள்கூட இப்படி வந்ததில்லன்னாங்க. வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட நானே சொன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லல, அடுத்த மாசம் எந்தக் கிழமை பிள்ளைங்களப் பாத்துக்கணும்னு மட்டும் கேட்டாங்க.

ஆக எங்க வருஷக் கணக்கு இப்ப இப்படித்தான்: எட்டு மாசம் ரேஸ் கோர்ஸ் ரோடு, மூணு மாசம் ஈஸ்ட் கோஸ்ட், அதுல மிஞ்சற காச சேத்து வச்சு கல்யாண நாளுக்கு ஒரு தடவ டெம்சி. இந்த மாச பாட்டில் நேத்தே வாங்கி ஃப்ரிட்ஜ் கதவுல பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல நிக்குது, 34 வெள்ளி, 9 சதவீதம். நாளைக்கு மத்தியானம் கடைக்கு போன் போட்டு பெரிய தலையா ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லணும்.